மண்ணை வீட்டுக்குள் அழைக்கும் ஊர்: ஐப்பசி மழையில் சுவாமிமலைக்குள் ஓர் எட்டு

அறுபது தமிழ் வருடங்களின் பெயர் தாங்கிய அறுபது படிகளை ஏறி, சுவாமிநாத சுவாமியைக் கும்பிட்டு, கீழே இறங்கி, கடையில் பளபளக்கும் பஞ்சலோக நடராஜரை ஆசை தீரப் பார்த்துவிட்டு, ஒரு டிகிரி காபியோடு கும்பகோணம் பஸ் ஏறுவது சுவாமிமலைக்கு வருகிற எல்லோரும் செய்வதுதான். இன்றைக்கு நாம் அந்த வழியில் போகப்போவதில்லை! வெளியே ஐப்பசி அடைமழை கொட்டுகிறது. குடையை மடக்குங்கள். செருப்பைக் கையில் எடுங்கள். கொல்லைப்புறம் வழியாக நுழைகிறோம்.

எதற்கு என்கிறீர்களா? மூன்று நாள் சூரியனே எட்டிப் பார்க்காத வாரத்தில்கூட, இந்த ஊரின் சில வீடுகள் எப்படிப் பூசணம் பூக்காமல், ஈரவாடை அடிக்காமல், கால் வைத்தால் பிசுபிசுக்காமல் இருக்கின்றன என்று வேவு பார்க்கத்தான். இதைப் பார்க்க இதைவிட நல்ல ஊர் கிடைக்காது. மழைக்காலம் வந்தால் ஊர் உலகமெல்லாம் சேற்றை வாசலோடு நிறுத்தப் படாதபாடு படும். சுவாமிமலையில் சிலை வார்க்கும் ஸ்தபதி வீடுகளில் சேற்றை மூட்டை மூட்டையாக உள்ளே கொண்டுவந்து அடுக்கி வைக்கிறார்கள்! அதையும் வைத்துக்கொண்டு வீட்டையும் சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்றால், அங்கே கற்றுக்கொள்ள எவ்வளவு இருக்க வேண்டும்!

கொல்லைக் கதவைத் தாண்டியதும் பட்டறை. முதல் விருந்து மூக்குக்கு. தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்ந்து உருகுகிற வாசனை, அடடா, மழைவாசனையோடு கலந்து வருகிறது. சிலை முதலில் இந்த மெழுகில்தான் பிறக்கிறது. விரல், நகம், சலங்கை, சடைமுடி எல்லாமே மெழுகு. வெயில் நாளில் இளகி உருக்குலைந்துவிடும் என்று மெழுகைத் தண்ணீரில் போட்டு வைப்பார்கள். மழைக்குளிரில் அந்தத் தொல்லை குறைவு. உருவம் முடிந்ததும் காவிரி வண்டலை நைசாக அரைத்து, உமிக்கரி கலந்து, மெழுகின் மேல் பூசுகிறார்கள். அது காய்ந்தபின் வயல் மண்ணும் மணலும் சேர்த்து அடுத்த பூச்சு. பிறகு இன்னொன்று. பெரிய சிலையானால் இரும்புக் கம்பி கட்டி இறுக்குகிறார்கள். வறட்டி அடுக்கிச் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அது விட்டுப்போன இடத்தில் உருக்கிய உலோகம் இறங்கும். 2023-ல் டெல்லி பாரத் மண்டபத்தின் முன் நிறுத்திய 27 அடி நடராஜர்கூட இந்த ஊரில், இந்த முறையில் பிறந்தவர்தான்.

சிலையைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். யாரும் எட்டிப் பார்க்காத ஒரு மூலை இருக்கிறது. மண் பூசிய அச்சுகள் காய்கிற மூலை! எனக்கு இந்த ஊரிலேயே மிகப் பிடித்த இடம் அதுதான்.

மண் அச்சுக்குள் கொஞ்சம் ஈரம் தங்கினாலும் அவ்வளவுதான். உருகிய உலோகம் ஆயிரம் டிகிரிக்கு மேலான சூட்டில் உள்ளே பாய்கிறது. தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 மடங்கு விரியும். அச்சு வெடிக்கும், உலோகம் தெறிக்கும், மாதக்கணக்கில் செய்த வேலை மண்ணாகும், ஆளுக்கும் ஆபத்து. அப்படியானால் வெயில் அடிக்கும் நாளில் வெளியே வைத்துக் காய வைத்துவிடலாமே என்று கேட்டேன். அங்கிருந்த பெரியவர் பதறிப்போனார். “ஐயையோ, வெயில்ல வச்சா மேல மட்டும் காஞ்சு வெடிப்பு விட்டுடும்மா. உள்ள ஈரம் அப்படியே நிக்கும். நெழல்ல, காத்துல, அது இஷ்டத்துக்குக் காயணும்” என்றார்.

அதனால் மழைக்காலத்தில் அந்த மூலையில் என்ன நடக்கிறது பாருங்கள். அச்சுகள் தரையைத் தொடுவதில்லை. மரக்கட்டையின் மேல் ஏறி நிற்கின்றன. சுவரோடு ஒட்டுவதில்லை. பின்பக்கமும் காற்றுப் போக இடம் விட்டு வைக்கிறார்கள். சாரல் அடிக்கிற பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு, எதிர்ப்பக்கத்து ஜன்னலையும் கதவையும் திறந்து வைத்திருக்கிறார்கள். தரையைத் தொடாதே, சுவரை ஒட்டாதே, காற்றை மறிக்காதே! மழைக்கால வீட்டுக்கு இதைவிட நல்ல சட்டம் எனக்குத் தெரியாது. நம்மில் பலர் மழை வந்தால் கழுவுகிறோம், துடைக்கிறோம், மறுபடி கழுவுகிறோம். வீடு இன்னும் நனைகிறது. இங்கே சுத்தம் என்றால் காய வைப்பது. இதை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே வாருங்கள்.

அடுத்தது அடுக்களை. இங்கே ஒரு குட்டி ரகசியம் காத்திருக்கிறது. பட்டறையில் உளியும் அரமும் போட்டு முடித்த சிலைக்கு மெருகேற்ற எடுக்கிற புளியும், அடுக்களையில் குத்துவிளக்கு தேய்க்கிற புளியும் ஒரே புளிதான்! ஈரக்காற்றில் பித்தளையும் வெண்கலமும் சீக்கிரம் கறுத்துவிடும். புளியில் இருக்கும் புளிப்பமிலம் அந்தக் கறுப்புப் படலத்தைக் கரைக்கிறது. பூந்திக்கொட்டை நுரை எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிறது. ஆனால் இந்த ஊர்ப் பெண்கள் செய்கிற இரண்டு காரியங்களை நாம் செய்வதில்லை. ஒன்று, பாத்திரத்தைப் புளியில் ஊறப்போட மாட்டார்கள். தேய்த்தோம், கழுவினோம் என்று முடித்துவிடுவார்கள். நெடுநேரம் ஊறினால் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து, செம்பு நிறம் திட்டுத்திட்டாக மேலே வந்துவிடும். இன்னொன்று, கழுவிய கையோடு ஒரு சொட்டு ஈரமில்லாமல் துடைத்துவிடுவார்கள். பிறகு திருநீற்றைத் தொட்டு ஒரு தேய்ப்பு. நாச்சியார்கோயில் விளக்கின் அன்னமும் கழுத்தும் அடுக்கடுக்கான வளையங்களும் எல்லாமே ஈரம் ஒளிந்துகொள்ளும் இடங்கள். துணியின் நுனியைத் திரித்து அந்த இடுக்கெல்லாம் விட்டு எடுக்கிறார்கள். பூஜையறைச் சிலைக்கு அபிஷேகம் செய்தாலும் அப்படித்தான். ஒரு அம்மா சொன்னார்: “சாமிக்குக் குளிப்பாட்டத் தெரிஞ்சா போதாது, துவட்டத் தெரியணும்.”

அரிசிப் பானைக்குள் காய்ந்த வேப்பிலை, பத்தாயத்தில் நொச்சி இலை, பருப்பு டப்பாவில் வரமிளகாய். இதெல்லாம் நீங்கள் அறிந்ததுதான். இலை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். பச்சை இலையைப் போட்டால் அதன் ஈரமே வண்டுக்கு வழிவிடும். அப்பளம் நமத்துப்போனதற்கு மட்டும் யாரிடமும் மருந்து இல்லை, பொரித்துத்தான் ஆக வேண்டும்!

கூடத்துக்கு வந்துவிட்டோம். சிவப்பு சிமென்ட் போட்ட தரை, நடந்து நடந்து வழுவழுப்பேறி மின்னுகிறது. இங்கேதான் எனக்கு உச்சகட்ட ஆச்சரியம். வெள்ளிக்கிழமை கல்லுப்புத் தண்ணீரில் வீடு துடைக்கும் வழக்கம் நம்மில் பல வீடுகளில் உண்டல்லவா? இந்த வீட்டு மாமியார் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் அந்த உப்பை நிறுத்திவிடுகிறார்! “மழக்காலத்துல உப்பு போட்டா தரை அழுவும்” என்றார். எவ்வளவு சரியான வார்த்தை! காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்து உருக ஆரம்பிக்கும். மழை நாளில் டெல்டாவின் காற்று அந்த அளவைச் சுலபமாகத் தாண்டிவிடுகிறது. துடைத்த தரையில் படிந்த உப்பு நாள் முழுக்க ஈரத்தை அழைத்துக்கொண்டே இருக்கும். கால் பிசுபிசுக்கும், அந்தப் பிசுபிசுப்பில் தூசி ஒட்டும், மறுபடி துடைப்போம், மறுபடி உப்பு. எத்தனை வீட்டில் இந்தச் சக்கரம் சுற்றுகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

அவர் செய்வது இதுதான். முதலில் உலர்ந்த தரையைத் தென்னந்துடைப்பத்தால் பெருக்குகிறார். பிறகு வெந்நீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணி. வாளியைக் கவிழ்த்துக் கழுவிவிடும் பழக்கமே இந்த மாதங்களில் கிடையாது. துடைத்ததும் மின்விசிறி. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாமல், அலசிக் கொடியில் விரித்துவிடுகிறார். ஈரத் துடைப்பத்தைத் தலைகீழாக மாட்டி வைக்கிறார். வீட்டில் மழைக்கால நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று தேடுகிறவர்கள் முதலில் தங்கள் வீட்டு மாப்பை மோந்து பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட்டையோ கழிப்பறை கழுவும் திரவத்தையோ சேர்த்து ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூச்சை அடைக்கும். கழிப்பறைச் சுத்தத்துக்கு அவசரப்படும் மழை நாளில்தான் இது நடக்கிறது.

இப்போது துணி! மழைக்காலத்தின் பெரிய தலைவலி. ஒரு வாஷிங் மெஷின் நிறையத் துவைத்துப் பிழிந்த துணி, காயும்போது இரண்டு லிட்டர் போலத் தண்ணீரை வீட்டுக் காற்றில் விடுகிறது. படுக்கையறையில் கொடி கட்டினால் அந்த இரண்டு லிட்டரும் மெத்தைக்கும் சுவருக்கும் பீரோவுக்கும் போய்ச் சேரும். இங்கே கொடி தாழ்வாரத்தில் இருக்கிறது. முற்றத்தின் மேல்வானம் வழியே ஈரக்காற்று மேலே போய்விடுகிறது. முற்றம் இல்லாத வீட்டில் பால்கனியோ, இரண்டு பக்கம் ஜன்னல் இருக்கிற அறையோ போதும். துணிக்குத் துணி ஒரு கை இடைவெளி விடுங்கள். மெஷினில் இரண்டாம் முறை சுழற்றிப் பிழிந்தாலே பாதி வேலை முடிந்தது. நனைந்த துணியும் பாயும் ஒன்றிரண்டு நாள் காயாமல் கிடந்தால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். அதனால் குவித்து வைப்பதைவிடக் கொஞ்சமாகத் தினமும் துவைப்பது மேல்.

இங்கே மனதில் இருக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பட்டறையில் மண்ணின் ஈரத்தைக் கைவைத்துப் பார்த்தே சொல்லிவிடுகிற ஆண்கள் இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். எது காய்ந்தது, எது காயவில்லை, எந்த ஜன்னலைத் திறக்க வேண்டும் என்பது அவர்களுக்கு அத்துபடி. அந்த அறிவு கூடத்து வாசலோடு நின்றுவிடக் கூடாது. கொடியும் துணியும் வீட்டுப் பெண்களின் தலையில் மட்டும் விழுவது நியாயமில்லை. ஒரு வீட்டில் மட்டும் அப்பாவும் மகனும் சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்து துணியைத் திருப்பிப் போடுவதைப் பார்த்தேன். கைதட்ட வேண்டும் போல இருந்தது!

பீரோவைத் திறக்கலாமா? சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி நிற்கிறது, கால்களுக்கடியில் மரக்கட்டை. பட்டறைச் சட்டம் இங்கேயும்! உள்ளே பட்டுப்புடவை அடுக்குகளுக்கு நடுவே சின்னச் சின்னத் துணி முடிச்சு. மோந்து பார்த்தால் ஒரு பழைய, இனிப்பும் காரமும் கலந்த மணம். இதன் சொந்த ஊர் பக்கத்திலேயே இருக்கிறது. தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளைப் பூச்சி அரிக்காமல் காப்பதற்கு வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இவற்றைப் பொடித்து, சூடம் சேர்த்து, துணியில் முடிந்து வைக்கும் முறை உண்டு. நாயக்க மன்னர்கள் தொடங்கி, மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி பெருக்கிய அந்தச் சுவடிகளைக் காத்த கைமருந்து, உங்கள் பட்டுப்புடவையைக் காக்காதா? எல்லாமே மளிகைக் கடையில் கிடைக்கும். மணம் குறைந்ததும் மாற்றுங்கள். பொடி நேரடியாகப் பட்டில் படாமல் முடிச்சை இரட்டைத் துணியில் கட்டுங்கள். இது பூச்சிக்கு. ஈரத்துக்கு வேறு வேண்டும். ஒரு கிண்ணத்தில் கல்லுப்பு வைத்து பீரோவின் கீழ்த்தட்டில் வையுங்கள். தரையில் எதிரியாக இருந்த உப்பு இங்கே வேலைக்காரன்! தண்ணீர் கோத்ததும் கொட்டிவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும்.

சாயங்காலம் சாம்பிராணி போடுகிறார்கள். மெழுகில் கலக்கிற குங்கிலியமும் சில நாள் தணலில் விழுகிறது. எனக்கு அந்த வாசனை உயிர். ஆனாலும் புகை பூஞ்சையைப் போக்காது. வாசனை மூக்கை ஏமாற்றும், சுவரில் இருப்பது சுவரில்தான் இருக்கும். மூச்சுத்திணறல் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு புகை போடவே கூடாது.

சுவர் என்றதும் கொஞ்சம் நிற்கத்தான் வேண்டும். பழைய வீட்டின் சுவர் சுண்ணாம்புக் காரை, மேலே சுண்ணாம்பு வெள்ளை. மழையில் ஓதம் ஏறும், வெயில் வந்தால் இறங்கும். மண்பானை போல அந்தச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடுகிறது. அதோடு சுண்ணாம்பு கடுமையான காரம். புதிதாக அடித்த சுண்ணாம்பில் பூஞ்சை முளைக்க முடியாது. பக்கத்து அறை புதிதாகப் பளபளப்பான பெயின்ட் அடித்தது. வாங்கிய ஈரம் வெளியே வர வழியில்லாமல், பெயின்ட் கொப்பளம் கொப்பளமாக எழும்பி, உள்ளே வெள்ளை உப்புப் பூத்து உதிர்கிறது. அதன் மேலேயே மறுபடி பெயின்ட் அடிப்பது காசைச் சுவரில் கரைப்பது. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். கசியும் குழாயா, தளத்து விரிசலா, வெளிச்சுவரை ஒட்டிக் கொட்டிவைத்த மண்ணா? அதை அடைத்து, சுவர் முழுதாகக் காய்ந்தபின்தான் பூச்சு.

இப்போது ஒரு அழகான கணக்கு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரோடு முடிகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி இந்த மூன்று மாதத்தில். அது முடிந்ததும் வருவது என்ன? போகி! பரண் சாமான் எல்லாம் இறங்கும், பழையது கழியும், சுவருக்குச் சுண்ணாம்பு ஏறும். மழை விட்டு, சுவர் காய்ந்து, பூசணம் வெளிப்பட்ட சரியான வாரத்தில் சுண்ணாம்பு! நம் முன்னோர்கள் வீட்டுச் சுத்தத்தைப் பண்டிகையாக்கிப் பஞ்சாங்கத்திலேயே எழுதிவிட்டார்கள் என்று நினைக்கும்போது எனக்குப் புல்லரிக்கிறது. தீபாவளிக்கு வெள்ளையடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: டெல்டாவில் தீபாவளி நடுமழையில் வரும். தைக்குத் தள்ளிப்போடுங்கள்.

முற்றத்தில் மழை நேராக வீட்டுக்குள் இறங்குகிறது! ஓட்டு விளிம்பிலிருந்து நான்கு பக்கமும் நீர்த்திரை. பார்த்துக்கொண்டே இருக்கலாம். வெளியூர்ப் பிள்ளைகள் வந்தால் இங்கிருந்து நகர மாட்டார்கள். ஆனால் உட்கார்ந்து பார்த்தால் ஒன்று புரியும். முற்றத்துத் தரை முழுதும் ஒரு மூலையை நோக்கிச் சரிகிறது. அந்த மூலையில் ஒரு துவாரம், அதிலிருந்து தெருவுக்கு மூடுகால்வாய். அந்தத் துவாரத்து வாயில் இலை அடைக்காமல் ஒரு கம்பி வலை. மழைக்கு முன் அதைத் தூர்வாருவது இந்த வீட்டின் முதல் வேலை. கருவறையில் அபிஷேகம் செய்த நீர் கோமுகம் வழியே வெளியே போவதைப் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு தண்ணீர் விழுந்தாலும் அதற்கு ஒரு வழி வைத்தே கட்டிய கைகள்தான் முற்றத்தையும் கட்டின.

முதல் மழையில் கூரைத்தூசியெல்லாம் கழுவிப் போகட்டும் என்று விட்டுவிட்டு, அடுத்த மழையில் அண்டா வைக்கிறார்கள். 2003-லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அந்தச் சேகரிப்புக் குழாயில் குப்பை அடைத்திருக்கிறதா என்று பார்க்கவும் இதுதான் நேரம். பிடித்த நீரை மூடி வையுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், பகலில்தான் கடிக்கும். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். அதனால் வாரத்துக்கு ஒருமுறை பூந்தொட்டித் தட்டு, பிரிட்ஜின் பின்தட்டு, தேங்காய்ச் சிரட்டை, தூக்கியெறிந்த டயர் எல்லாவற்றையும் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்தால் மட்டும் போதாது, தேய்க்கவும் வேண்டும்! ஏடிஸ் கொசுவின் முட்டை பாத்திரத்தின் பக்கச்சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீரே இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும்.

மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிடலாம். மொட்டைமாடியின் மூலையில் தண்ணீர் இறங்கும் குழாய்வாய். இரண்டு வேப்பிலையும் ஒரு பிளாஸ்டிக் பையும் போதும் அதை அடைக்க. அடைத்தால் மாடி குளமாகும், தளம் ஊறும், கீழறையின் கூரையில் வரைபடம் விழும். கூடத்தில் எவ்வளவு துடைத்தும் பயனில்லை. நாட்டு ஓட்டு வீட்டில் ஆடி, ஆவணியிலேயே ஆளை வைத்து உடைந்த ஓடு மாற்றிவிடுகிறார்கள்.

கடைசியாக வாசல். மற்ற வீடுகளில் நுழையும் இடம், நமக்கு வெளியேறும் இடம்! திண்ணை ஓரத்தில் ஒரு தவலைத் தண்ணீரும் சோப்பும். நடவுக்குப் போய்வந்தவர்களும் கோயில் போய்வந்தவர்களும் கால் கழுவித்தான் ஏறுகிறார்கள். இது சம்பிரதாயம் மட்டும் இல்லை. வயலில் வெள்ளம் ஏறினால் வரப்பு எலிகள் ஊருக்குள் வரும். அவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் இருக்கும் சின்னக் காயம் வழியே எலிக்காய்ச்சலைக் கொடுக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்துவிட்டால் சேற்றுப்புண்ணும் வராது. மிதிக்க ஒரு கோணிச்சாக்கு, அது நனைந்தால் மாற்ற இன்னொரு சாக்கு. செருப்பு ஸ்டாண்டுக்குக் கீழே தேங்கிய ஈரத்தில்தான் பூரான் குடியிருக்கும், அதனால் செருப்பெல்லாம் உயரத்தில். அரிசிமாவைக் கரைத்துப் போட்ட மாக்கோலம் தெருவிலிருந்து திண்ணைக்கு ஏறியிருக்கிறது. மழை முடியும்வரை அங்கேதான், செம்மண் கரையோடு, கண்ணைப் பறிக்கிறது!

வாசலில் நின்று தெருவைப் பாருங்கள். திண்ணைக்கு ஏற முன்பு எத்தனையோ படி இருந்ததாம், இப்போது ஒன்றுதான் மிச்சம். வீடு இறங்கவில்லை, தெரு ஏறிவிட்டது. பழைய சாலை மேல் புதுச்சாலை, அதன் மேல் இன்னொன்று. பக்கத்தில் தாராசுரத்துக்குப் போனால் இதே கதையைக் கல்லில் பார்க்கலாம். இரண்டாம் இராசராசன் கட்டிய, 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஐராவதேசுவரர் கோயிலின் முன்பகுதி இன்றைய தரைமட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. பெருமழை பெய்தால் அங்கே தண்ணீர் நிற்கிறது. சோழச் சிற்பியின் வேலைக்கே அந்தக் கதி என்றால், நம் வீட்டு முற்றத்துத் துவாரம் என்ன செய்யும்? தெரு மேலே போய்விட்டால் அந்தத் துவாரம் வழியாகவே சாக்கடை உள்ளே வரும். அப்புறம் துடைப்பமும் துணியும் சுண்ணாம்பும் வசம்பும் ஒன்றும் உதவாது.

தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு 2021-ல் இதற்காகவே அறிவுறுத்தல் அனுப்பினார். பழைய தார்ச்சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும், வீடுகள் பள்ளத்தில் போகக் கூடாது என்று. ஆகவே உங்கள் தெருவுக்குத் தார் வண்டி வரும் நாளில் வாசலுக்கு வந்து நில்லுங்கள். பழைய சாலையைச் சுரண்டினார்களா என்று கேளுங்கள். சுரண்டவில்லை என்றால் அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டு, வேலையை நிறுத்திவைத்துக் கேளுங்கள்.